அயல்நாட்டு மாணவரும் நாமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

"சார், மலருக்குப் பழைய ஞாபகங்கள் நிறைய வந்தாச்சு. நீங்க சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் மறுக்க முடியுமா? ஒப்புக்கொண்டேன்.

நம் கல்லூரி இப்போது ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்களைச் சேர்க்கிறது. சென்ற பொதுக்குழுவில் இதுபற்றிப் பேச்சு வந்தது. "தனியார் கல்லூரி, அரசாங்கம் பணம் தராது, நாமதான் கை கொடுக்கணும்" என்றார் ஒருவர். விளம்பரத்துக்குக் கொடுப்பதா, கட்டடத்துக்கா, ஸ்காலர்ஷிப்புக்கா என்று ஒரு மணி நேரம் ஓடிற்று. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஒரு நூற்று நாற்பது ஆண்டுகள் பின்னே போவோம். மராட்டிய நாட்டில் 1865-இல் பிறந்தவர் ஆனந்திபாய் ஜோஷி. ஒன்பது வயதில் கல்யாணம். கணவர் கோபால்ராவ் தபால் இலாகா ஊழியர். பதினான்கு வயதில் பெற்ற ஆண் குழந்தை பத்தே நாளில் இறந்துவிட்டது. சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. தான் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவர் மனத்தில் விழுந்தது.

மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு, 1880-இல் கோபால்ராவ் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்று பதில் வந்தது. இருவருக்கும் அதில் சம்மதமில்லை. ஆனால் பாதிரியார் அந்தக் கடிதங்களைத் தம் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டார். நியூஜெர்சி மாநிலத்து ரோசெல் என்ற ஊரில் வசித்த திருமதி கார்ப்பென்டர் என்ற அம்மாள், பல் வைத்தியரிடம் போய்க் காத்திருந்த நேரத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டினார். கண்ணில் பட்டது அந்தக் கடிதம். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, "என் வீட்டில் வந்து தங்கலாம்" என்று எழுதினார். கடிதப் போக்குவரத்து வளர்ந்தது, உறவும் வளர்ந்தது.

1883-இல் கல்கத்தாவை அடுத்த செராம்பூரில் ஆனந்திபாய் பொதுமேடையில் பேசினார். இந்துவாகவே போவேன், இந்துவாகவே திரும்புவேன் என்றார். நம் மதராசில் 1875 முதலே பெண்கள் மருத்துவம் படிக்க வழி இருந்தது. அங்கே ஏன் போகவில்லை? அதற்கும் அந்த உரையிலேயே விடை உண்டு: ஆசிரியர்கள் பழைய போக்கினர் என்றார். நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது.

அந்த ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரை அழைத்துப்போகத் திருமதி கார்ப்பென்டர் வந்திருந்தார். கல்லூரி திறக்கும் வரை அவர் வீட்டிலேயே வாசம். சேர்ந்த இடம் பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. அரசாங்கக் கல்லூரி அல்ல; 1850-இல் தனியார் முயற்சியால் எழுந்தது. டீன் ரேச்சல் பாட்லி அம்மையார், வேதியியல் பேராசிரியை. 1885-இல் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆனந்திபாய், ஜப்பானின் கெய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி மூவரும் அவரவர் நாட்டு உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1886 மார்ச் 11 அன்று ஆனந்திபாய் பட்டம் பெற்றார்.

ஆனால் குளிரும், பழக்கமில்லாத சாப்பாடும் உடம்பை வாட்டிவிட்டன. காசநோயோடு ஊர் திரும்பினார். கோல்ஹாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுப் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் காலமானார். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய அஸ்தி திருமதி கார்ப்பென்டருக்கு அனுப்பப்பட்டது. பொகீப்ஸி ஊரில் தம் குடும்பத்துக் கல்லறைகளோடு அதை வைத்தார் அந்த அம்மாள்.

ஒரு வீடும், வீட்டு மனுஷியும் இருந்தவருக்கே இந்தக் கதி. யாருமே இல்லாதவனுக்கு?

1978-இல் நம் ஹாஸ்டலில் என் அறைத் தோழன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவன். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். தமிழ் நம்மைப்போலவே பேசுவான். அதனாலேயே அவனை வெளிநாட்டுக்காரன் என்று யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளிக்கு மெஸ்ஸை ஐந்து நாள் மூடினார்கள். "நீ மட்டும் எப்படிடா இருப்பே?" என்று கேட்டேன். "பரவால்லடா, பாத்துக்கிறேன்" என்றான். கேட்டதோடு என் கடமை முடிந்தது என்று பஸ் ஏறிவிட்டேன். எங்கள் வீட்டில் பத்துப் பேர் சாப்பிடும் பந்தியில் இன்னோர் இலை போடுவது ஒரு பாரமா?

திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது. அவன் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கொண்டுபோய்ச் சேர்த்தவர் வாட்ச்மேன். அந்த டெர்ம் முடியுமுன்பே அவனுடைய அண்ணன் வந்து அழைத்துப்போய்விட்டார். டிகிரியை முடிக்க அவன் திரும்பி வரவே இல்லை. நோய் விடுமுறைக்கு முன்பே வந்திருக்கலாம், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் சுரம் கண்ட அன்று பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருக்கலாம் அல்லவா? அந்த ஆள் நான்தான் என்பதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே நண்பர்களே, என் யோசனை இதுதான். மாணவரைக் கொண்டுவரும் வேலையை ஏஜென்டும் கல்லூரியும் பார்த்துக்கொள்ளும். வந்த பிறகு வைத்துக்கொள்வது நம் வேலை. உள்ளூரில் இருக்கும் பழைய மாணவர் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு வெளிநாட்டு மாணவரைப் பொறுப்பேற்கட்டும். நீண்ட கால விசாவில் வருபவர் 14 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். பாஷை தெரியாத பிள்ளைக்குத் துணையாக ஒருவர் அந்தக் காரியத்தில் உடனிருக்கட்டும். நிறத்தைப் பார்த்து வீடு இல்லை என்று கை விரிப்பவரிடம் நம்மில் ஒருவர் போய்ப் பேசட்டும். விடுமுறையில் மெஸ் மூடாமலிருக்க ஆகும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். கட்டடத்துக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

திருமதி கார்ப்பென்டர் டாக்டரும் அல்ல, பணக்காரச் சீமாட்டியும் அல்ல. வீட்டில் ஓர் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். வரும் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இரண்டு இலை அதிகம் போடுவதாக என் மனைவி சொல்லிவிட்டாள். பெயரைக் கொடுக்க விரும்பும் மற்றவர்கள், இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரிடம் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போகவும். முதல் பெயர் என்னுடையது.