விமான இரைச்சலும் ஆலிவ் காய்களும்

1931 மார்ச் 8 அன்று இத்தாலியின் தூரின் நகரில் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. ‘சாந்தோபலாத்தோ’, அதாவது ‘புனித அண்ணம்’ என்பது அதன் பெயர். உட்சுவர்களில் அலுமினியத் தகடு பதித்திருந்தார்கள். அங்கே பரிமாறப்பட்டவற்றுள் ‘வான் உணவு’ என்று ஒன்று உண்டு. உண்பவரின் வலப்புறம் ஒரு தட்டு. அதில் கறுப்பு ஆலிவ், பெருஞ்சீரகச் செடியின் அடித்தண்டு, கும்குவாட் என்னும் சிறு நாரத்தை வகைப் பழம். இடப்புறம் உப்புத்தாள், பட்டு, வெல்வெட் மூன்றும் ஒட்டிய ஒரு பலகை. வலக்கை உணவை எடுத்து வாயிலிட, இடக்கை அப்பலகையை வருடிக்கொண்டிருக்க வேண்டும். பணியாளர் உண்பவரின் பிடரியில் கார்னேஷன் மலரின் நறுமணத்தைத் தெளிப்பார். அவ்வேளையில் சமையலறையிலிருந்து விமான எஞ்சினின் பேரிரைச்சலும் பாக்கின் இசையும் ஒருசேர எழும்.

கேலிக்கூத்து என்று ஒதுக்கிவிடவே தோன்றும். ஆனால் பின்னாளைய ஆய்வுகளைப் படித்த பிறகு அவ்வளவு எளிதில் ஒதுக்க இயலவில்லை.

விருந்தில் இசை என்பது அன்றைக்குப் புதிதன்று. ஐரோப்பிய அரசவைகளில் அது நெடுங்கால வழக்கம். டெலிமான் 1733-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே ‘மேசையிசை’ என்பதுதான். எனினும் அவ்விசை விருந்தளிப்பவரின் செல்வத்தைப் பறைசாற்றியது. அது உணவுக்குள் புகுந்து அதன் சுவையையே மாற்றும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஒலியையும் ஒரு சேர்மானமாகக் கருதி உணவுப் பட்டியலில் எழுதியவர்கள் தூரின் நகரத்து எதிர்காலவாதிகள்.

அவர்களின் தலைவர் மரினெத்தி. வேகத்தையும் இயந்திரத்தையும் போரையும் போற்றி 1909-இல் இயக்கத்தைத் தொடங்கியவர், பாசிசத்தின் தோழர். அவ்வியக்கத்தைச் சேர்ந்த ருஸ்ஸோலோ 1913-இலேயே இரைச்சலும் இசையே என்று அறிக்கை எழுதி, அதை எழுப்புவதற்கென்றே கருவிகளும் செய்தார். இரைச்சலை அரங்கில் ஏற்றியவர்கள் அடுத்து அதை அடுக்களைக்குள் கொண்டுவந்ததில் வியப்பில்லை. 1930 டிசம்பரில் வெளியான மரினெத்தியின் சமையல் அறிக்கை, இத்தாலியரை மந்தமாக்குகிறது என்று பாஸ்தாவைத் தாக்கியதால் பெரும்புகழ் (பெரும்பழி என்றும் கொள்ளலாம்) பெற்றது. அந்தச் சண்டையின் ஆரவாரத்தில் ஒரு சிறு விதியைப் பலரும் கவனிப்பதில்லை. நாவின் கூருணர்வு சிதறாதிருக்க, ஓர் உணவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வேளையில் மட்டுமே இசை ஒலிக்க வேண்டும் என்கிறது அது. சில மாதங்களில் திறந்த உணவகத்திலேயே அவ்விதி மீறப்பட்டது. ‘வான் உணவு’ ஓவியர் ஃபில்லியாவின் படைப்பு. தலைவரின் விதியைவிடத் தொண்டரின் மீறலே காலத்தால் செழித்தது என்பேன்.

நாவுக்கும் செவிக்கும் உள்ள உறவை ஆய்வுக்கூடம் முறையாக விசாரித்தது வெகுகாலம் கழித்துத்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸாம்பினி, ஸ்பென்ஸ் இருவரும் செய்து 2004-இல் வெளியிட்ட சோதனை பலரும் அறிந்தது. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஒலியை ஒலிவாங்கி வழியே பிடித்து, கடித்தவரின் காதுகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவ்வொலியைக் கூட்டியபோதும், அதன் உயர் அதிர்வெண்களை மட்டும் மிகுவித்தபோதும் வறுவல் அதிக மொறுமொறுப்பாகத் தோன்றியது. குறைத்தபோது நமுத்ததாகத் தோன்றியது. வறுவல் ஒன்றுதான். (‘நொறுக்குத் தீனி’ என்று ஒலிக்குறிப்பாலேயே பெயரிட்ட மொழிக்காரர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இராது.) 2007-இல் இங்கிலாந்துச் சமையற்கலைஞர் ஹெஸ்டன் புளூமெந்தால் தம் உணவகத்தில் கடலுணவுடன் ஒரு சங்கையும் வைத்தார். அதனுள் ஒளித்த ஐபாடிலிருந்து அலையோசை கேட்டுக்கொண்டிருக்கும்.

விமான எஞ்சினுக்கு வருவோம். விமானத்தில் உணவு சப்பென்றிருப்பதற்குக் காற்றின் வறட்சியும் தாழ்ந்த அழுத்தமும் காரணங்கள். இரைச்சலுக்கும் அதில் பங்குண்டு. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் யான், டாண்டோ இருவரும் ஏறத்தாழ 85 டெசிபல் விமான அறை இரைச்சலைக் கேட்கச் செய்து சுவையுணர்வைச் சோதித்தனர். இனிப்பு மங்கியது, உமாமி எனப்படும் ஐந்தாம் சுவை ஓங்கியது. உமாமி நிறைந்த தக்காளிச் சாற்றை வானில் பலர் விரும்பிக் கேட்பதற்கு இது ஒரு விளக்கமாகக் கூடும். நாவின் முன்பகுதியிலிருந்து சுவைச்செய்தியை ஏந்திச் செல்லும் நரம்பு, செவிப்பறையை ஒட்டி நடுச்செவியின் வழியாகவே மூளைக்குப் போகிறது என்ற உடற்கூற்று உண்மையும் இங்கே நினைக்கத்தக்கது. அப்படியானால் ஃபில்லியாவின் எஞ்சின், கும்குவாட்டின் இனிப்பைக் கெடுத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லலாம். சாந்தோபலாத்தோவில் உண்டவருக்கு ஒலியின் கை தம்மீது படுவது தெரியும். 1997-இல் நார்த் குழுவினர் இங்கிலாந்தில் ஓர் அங்காடியில் நடத்திய சோதனை வேறு வகை. பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 புட்டிகளும் ஜெர்மன் ஒயின் 8 புட்டிகளும் விற்றன. ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் ஒயின் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களுள் மிகச் சிலரே இசையைக் காரணமாகக் குறிப்பிட்டனர்.

மரினெத்தி 1944-இல் இறந்தார். அதற்கு 70 ஆண்டுகளுக்குப் பின், 2014-இல், பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் நெடுந்தூர விமானங்களில் உணவு வகைகளுக்கு ஏற்ப 13 இசைத்துண்டுகளைத் தேர்ந்து காதணிக் கருவியில் ஒலிக்கச் செய்தது. தட்டில் உணவு, காதில் இசை, வெளியே எஞ்சின். உப்புத்தாள் மட்டும் இல்லை.