கலிபோர்னியா முன்மொழிவு 1 (2024)

கலிபோர்னியா முன்மொழிவு 1 என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 மார்ச் 5 அன்று நடைபெற்ற வாக்கெடுப்பில் மக்களால் ஏற்றுக்கொள்ளப்பட்ட சட்டத் தொகுப்பு ஆகும். மனநோய் அல்லது போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவ வசதியையும், அவர்களுள் வீடற்றோருக்கான வீட்டு வசதியையும் இது ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மனநல மருத்துவம், போதை மீட்பு மருத்துவம் ஆகிய இரண்டையும் சேர்த்து அம்மாநிலத்தில் நடத்தைசார் நலம் என அழைக்கின்றனர்.

இத்தொகுப்பில் இரண்டு சட்டங்கள் அடங்கும். சூசன் எக்மன் கொண்டுவந்த மேலவை மசோதா 326, மனநலத்துக்கான வரிப்பணத்தைப் பங்கிடும் முறையை மாற்றியது. ஜாக்கி இர்வின் கொண்டுவந்த கீழவை மசோதா 531, 6.38 பில்லியன் டாலர் (638 கோடி டாலர்) மதிப்பிலான கடன்பத்திரங்களை வெளியிட வழிசெய்தது. ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபரில் இரண்டிலும் கையெழுத்திட்டார்.

பின்னணி

1967 இல் இயற்றப்பட்ட லான்டர்மன்-பெட்ரிஸ்-ஷார்ட் சட்டம், ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் அடைத்து வைப்பதற்குக் கடுமையான வரம்புகளை விதித்தது. மாநில மருத்துவமனைகளில் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது. எனினும், அவர்கள் வெளியே வந்து வாழ்வதற்குத் தேவையான மருத்துவ நிலையங்களும் குடியிருப்புகளும் போதிய அளவில் உருவாகவில்லை.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் 2004 நவம்பரில் முன்மொழிவு 63 மக்கள் வாக்கால் நிறைவேறியது. இதன்படி, ஆண்டுக்கு 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தனிநபர் வருமானத்தின் மீது 1% கூடுதல் வரி விதிக்கப்பட்டது. மனநலச் சேவைகள் சட்டம் எனப்பட்ட இதன் வருவாயில் பெரும்பகுதி கவுண்டிகளுக்குச் சென்றது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவாகும். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன.

இதற்கிடையே வாடகை உயர்ந்து வீடற்றோர் எண்ணிக்கையும் பெருகியது. 2024 சனவரிக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 1,87,000 பேர் வீடற்றவர்களாக இருந்தனர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட ஏறத்தாழ 3,200 வீடற்றோரில் மூன்றில் இருவர் தமக்கு மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்தனர். வீட்டை இழப்பதற்கு முந்தைய 6 மாதங்களில் அவர்களது குடும்பத்தின் நடுநிலை மாத வருமானம் 960 டாலராக இருந்தது. நோய், வறுமை ஆகிய இரண்டும் பின்னிப் பிணைந்திருந்ததை இவ்விரு தரவுகளும் காட்டின.

வரிப்பணப் பங்கீடு

முன்மொழிவு 1 புதிய வரி எதையும் விதிக்கவில்லை. 2004 ஆம் ஆண்டின் வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பயன்பாட்டை மாற்றியது. சட்டத்தின் பெயரும் நடத்தைசார் நலச் சேவைகள் சட்டம் என மாற்றப்பட்டது. மனநோய் இல்லாமல் போதைப் பழக்கத்தால் மட்டும் பாதிக்கப்பட்டோரும் இதனால் பயன்பெறத் தகுதி பெற்றனர்.

முந்தைய சட்டத்தில் மாநில அரசின் பங்கு 5% ஆக இருந்தது. புதிய சட்டத்தில் அது 10% ஆக உயர்ந்தது. எஞ்சிய 90% கவுண்டிகளுக்கு உரியது. கவுண்டிகள் தமது பங்கைப் பின்வருமாறு செலவிட வேண்டும்:

* 30% - வீட்டு வசதி. இதில் பாதி, நீண்டகாலமாக வீடற்றிருப்போருக்கு உரியது.
* 35% - முழுச் சேவைக் கூட்டுத் திட்டங்கள். கடும் மனநோய் உள்ளவர்களுக்கு மருத்துவம், வீடு, வேலை முதலியவற்றுக்கான உதவியை ஒரே குழு வழங்கும் முறை இது.
* 35% - பிற சேவைகள். இதில் பாதிக்கு மேல், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவம் அளிப்பதற்கு உரியது.

எடுத்துக்காட்டாக, வரியாகக் கிடைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 10 டாலர் மாநில அரசுக்கும், 27 டாலர் வீட்டு வசதிக்கும், தலா 31.50 டாலர் ஏனைய இரு பிரிவுகளுக்கும் செல்லும். கவுண்டிகள் குறிப்பிட்ட வரம்புக்குள் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வசதிக்கான பணத்தை வாடகை மானியத்துக்குப் பயன்படுத்தலாம். அதில் 25% வரை மட்டுமே கட்டுமானத்துக்குச் செலவிடலாம்.

கடன்பத்திரங்கள்

6.38 பில்லியன் டாலரில் ஏறத்தாழ 4.4 பில்லியன் டாலர் மருத்துவ நிலையங்களை அமைக்கவும், ஏறத்தாழ 2 பில்லியன் டாலர் வீடுகளை அமைக்கவும் ஒதுக்கப்பட்டது. வீடுகளுக்கான தொகையில் பாதிக்குச் சற்று மேல் முன்னாள் படைவீரர்களுக்கு உரியது. இதன் மூலம் 6,800 பேருக்கான மருத்துவ இடங்களும், 4,350 வரையிலான வீடுகளும் உருவாகும் என மதிப்பிடப்பட்டது. கடனை வட்டியுடன் அடைக்க, 30 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 31 கோடி டாலர் மாநிலப் பொதுநிதியிலிருந்து செலவாகும் என மாநிலச் சட்டமன்றத்தின் பகுப்பாய்வு அலுவலகம் கணித்தது. இவ்வீடுகளால் வீடற்றோர் எண்ணிக்கை சிறிதளவே குறையக்கூடும் என்றும் அவ்வலுவலகம் கூறியது.

ஆதரவும் எதிர்ப்பும்

2004 ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டேரல் ஸ்டைன்பெர்க், ஆளுநர் நியூசம் ஆகியோர் இதனை ஆதரித்தனர். தெருவில் வாழும் ஒருவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும், மருத்துவரைத் தொடர்ந்து சந்திப்பதும் கடினம்; ஆகவே வீட்டையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும் என்பது ஆதரவாளர்களின் அடிப்படை வாதம்.

மகளிர் வாக்காளர் சங்கத்தின் கலிபோர்னியாக் கிளை, மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு முதலியன எதிர்த்தன. அவற்றின் வாதங்கள் இரண்டு வகைப்படும்.

முதலாவது பணம் பற்றியது. வரி வருவாய் கூடாத நிலையில் வீட்டு வசதிக்கு 30% ஒதுக்கினால், ஏற்கெனவே நடைபெற்றுவரும் மனநலச் சேவைகள் குறையும். செல்வந்தர்களின் வருமானத்தைச் சார்ந்த வரியாதலால், பங்குச் சந்தை வீழும் ஆண்டுகளில் வருவாய் பெரிதும் குறைந்துவிடுகிறது. அத்தகைய ஆண்டுகளில் நெருக்கடி மேலும் கூடும்.

இரண்டாவது உரிமை பற்றியது. தொடக்க வரைவில் கடன்பத்திரப் பணம் நோயாளி தாமாக விரும்பிச் சேரும், பூட்டப்படாத நிலையங்களுக்கே உரியதாக இருந்தது. சட்டமன்றக் கூட்டத்தொடரின் இறுதியில் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. கட்டாய மருத்துவத்துக்கு உட்படுத்தக்கூடியோரின் வரையறையை விரிவாக்கிய மேலவை மசோதா 43 உம் அதே ஆண்டில் சட்டமானது. இவ்விரண்டும் சேர்ந்து 1967 க்கு முந்தைய நிலையை மீண்டும் கொண்டுவரக்கூடும் என எதிர்ப்பாளர்கள் அஞ்சினர். கட்டாய மருத்துவம் தேவைப்படுவோருக்கும் படுக்கைகள் வேண்டும் என ஆதரவாளர்கள் விடையிறுத்தனர்.

முடிவும் நடைமுறையும்

முன்மொழிவு ஏறத்தாழ 50.2% ஆதரவு, 49.8% எதிர்ப்பு என்ற மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறைவேறியது. வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வாரங்களுக்குப் பின்னரே முடிவு தெளிவாயிற்று.

2025 மே மாதத்தில், மருத்துவ நிலையங்களுக்கான முதற்கட்ட நிதியாக 124 திட்டங்களுக்கு ஏறத்தாழ 3.3 பில்லியன் டாலர் அறிவிக்கப்பட்டது. வீடுகளுக்கான நிதி ஹோம்கீ பிளஸ் என்னும் திட்டத்தின் வழியாக வழங்கப்படுகிறது. கவுண்டிகளுக்கான புதிய பங்கீட்டு முறைக்கு 2026 ஜூலை 1 ஆம் நாளைச் சட்டம் தொடக்க நாளாகக் குறித்தது. அன்று தொடங்கும் மூன்றாண்டுத் திட்டத்தில், எந்தச் சேவைக்கு எவ்வளவு செலவிடப்படும் என்பதை ஒவ்வொரு கவுண்டியும் காட்ட வேண்டும்.