முக்கால் அங்குலத் தண்டு

செப்டம்பர் 23, 1940. மாலை நாலரை மணி. அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் ஹோலபேர்ட் ராணுவ முகாம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவு கிடையாது. உடம்பெல்லாம் புழுதி. கெடு ஐந்து மணி. அரை மணிதான் பாக்கி.

வந்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட், இன்ஜினியர். அவரை அனுப்பிய கம்பெனி பான்ட்டம். பென்சில்வேனியாவில் பட்லர் என்கிற ஊரில் குட்டிக் கார் செய்துகொண்டிருந்த கம்பெனி. அதையும் யாரும் வாங்காமல், கிட்டத்தட்ட இழுத்து மூடும் நிலை. இந்த ஒரு வண்டி ராணுவத்துக்குப் பிடித்துப் போனால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் திண்டாட்டம்.

அந்த ஜூலையில்தான் ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும். 49 நாளில் முதல் வண்டி கைக்கு வர வேண்டும். எடை 1,300 பவுண்டுக்கு மேல் கூடாது. அதாவது 590 கிலோ. நம் பழைய அம்பாசடரில் ஏறக்குறைய பாதி! படித்துவிட்டு 133 கம்பெனிகள் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டன. பதில் போட்டவை இரண்டே இரண்டு. பான்ட்டம், வில்லிஸ்.

இந்தக் கதையின் வில்லன் ஹிட்லர் இல்லை. அந்த 1,300 என்கிற எண்தான்.

ஜீப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இரும்பு. அடித்தாலும் உடையாது, உதைத்தாலும் ஓடும். எனக்கும் ரொம்ப நாளாய் அதே எண்ணம்தான். ஆனால் பானெட்டைத் திறந்து, தரைப் பலகையையும் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. யுத்தகால ஜீப்பின் கியர்பாக்ஸ், சின்னக் கார்களுக்காகப் பிறந்தது. வார்னர் கம்பெனியின் டி-84. மூன்றே கியர். முன் பின் ஆக்சில்கள்? ஸ்டுடிபேக்கர் சாம்பியன் என்கிற குடும்பக் காரின் ஆக்சிலை ஸ்பைசர் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற காரின் எலும்பை எடுத்து யுத்தத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வேறு வழியில்லை. கனமான கியர் போட்டால் தராசு ஒத்துக்கொள்ளாது. புதிதாக டிசைன் செய்ய 49 நாள் போதாது. இத்தனைக்கும் ப்ராப்ஸ்ட் கொண்டுவந்த வண்டி 1,800 பவுண்டைத் தாண்டியிருந்தது. ஆஜானுபாகுவான அதிகாரி ஒருவர் பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, ‘பரவாயில்லை’ என்று தலையாட்டியதாக ஒரு கதை உண்டு. அப்புறம் சுமார் 3,400 மைல் ஓட்டினார்கள். பெரும்பகுதி ரோடே இல்லாத இடத்தில். பாஸ்!

பாஸானது வண்டி. கம்பெனி அல்ல. பான்ட்டத்தின் தொழிற்சாலை சிறிது என்று சொல்லி, அதன் படங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் ராணுவமே காட்டியது. பெரிய ஆர்டர் 1941-ல் வில்லிஸுக்குப் போனது. பின்னால் ஃபோர்டும் அதே டிசைனில் செய்ய, யுத்தம் முடிவதற்குள் சுமார் 6.4 லட்சம் ஜீப்கள். பான்ட்டத்துக்கு மிஞ்சியது, ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்யும் வேலை. கொடுமை.

இங்கேதான் கியர்பாக்ஸுக்குச் சனி பிடித்தது. பான்ட்டத்தின் இன்ஜின் சுமார் 45 குதிரை சக்தி. வில்லிஸின் இன்ஜின் 60. இதற்குள் எடை வரம்பு 2,160 பவுண்டாக உயர்ந்திருந்தது. அப்படியும் வில்லிஸ் சுமார் 260 பவுண்டு அதிகம். லேசான இன்ஜினுக்கு மாறுவதுதான் சுலபம். வில்லிஸின் தலைமை இன்ஜினியர் பார்னி ரூஸ் மறுத்துவிட்டார். இன்ஜினைத் தொடாதே, மற்றதையெல்லாம் இளைக்க வை! நீளமான போல்ட்டுகளை வெட்டினார்கள். பெயின்ட்டைக்கூடக் குறைத்தார்கள். விளைவு? குதிரை கூடியது. அதைத் தாங்கும் கியர்பாக்ஸ் அதே டி-84.

நான் காமர்ஸ் படித்தவன். இன்ஜின் தெரியாது, கணக்கு தெரியும். முதல் கியரில் 2.66 மடங்கு. பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ‘லோ’ போட்டால் இன்னொரு 1.97 மடங்கு. ஆக்சிலில் 4.88. பெருக்குங்கள். இன்ஜின் 25 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் எவ்வளவு குறைகிறதோ, முறுக்கும் சக்தி அவ்வளவு கூடுகிறது. சேற்றிலும் மணலிலும் ஜீப்பை இழுத்துப்போனது இதுதான். அந்த சக்தி முழுக்கப் பற்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். கியர்பாக்ஸில் அதற்கு இருந்த எண்ணெய் முக்கால் லிட்டருக்கும் குறைவு. டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுவில் கியர் சுற்றும் தண்டின் கனம் முக்கால் அங்குலம். உங்கள் கட்டைவிரல் அளவு.

இதன் மேல் எதை ஏற்றினார்கள் தெரியுமா? பெயர் ‘கால் டன்’ வண்டி. 1942 ஜூலையில் எகிப்தின் சிதி ஹனீஷ் விமானதளத்தை இரவில் தாக்கிய டேவிட் ஸ்டிர்லிங்கின் படை, 18 ஜீப்களில் போனது. இரட்டை இயந்திரத் துப்பாக்கிகள், குண்டுகள், பெட்ரோல் டின்கள், தண்ணீர். திரும்பி வரவும் பாலைவனம்தான். நடுவழியில் கியர் பல் போனால் உயிரும் போச்சு.

பிறகு எப்படித்தான் தாங்கியது? பாதிப் பதில் டாஷ்போர்டில் இருந்தது. அங்கே ஒரு சின்ன உலோகத் தகடு. எந்த கியரில் எத்தனை மைலுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் பொறித்திருக்கும். கூடவே ஒரு எச்சரிக்கை: காய்ந்த, கெட்டியான ரோட்டில் முன் ஆக்சிலை இணைக்காதே!

அதென்ன கணக்கு என்கிறீர்களா? வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஆக்சிலையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. சேறு என்றால் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார் ரோடு வழுக்காது. ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிழிகிற மாதிரி, தண்டுகளும் பற்களும் முறுக்கிக்கொண்டே போகும். லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. அதற்கும் மேலே போனால் ஏதாவது ஒன்று முறியும்.

இன்னொரு பூட்டையும் உள்ளேயே வைத்திருந்தார்கள். முன் ஆக்சிலை இணைக்காமல் ‘லோ’ விழாது. மொத்த முறுக்கும் பின் ஆக்சில் ஒன்றின் தலையில் விழுந்துவிடக் கூடாது அல்லவா? முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடுகிற வண்டியில் தெரியாதவன் போட்டால் கரகரவென்று பல் தேயும். ஆக, இந்த கியர்பாக்ஸின் ஆயுள் இரும்பில் பாதி, ஓட்டுகிறவன் கையில் பாதி. மீதிக் குறையை உதிரிபாகம் பார்த்துக்கொண்டது. எல்லா ஜீப்பும் ஒரே அச்சு. செத்த ஜீப்பிலிருந்து கழற்றி உயிருள்ள ஜீப்பில் மாட்டலாம்.

யுத்தம் முடிகிறது. வில்லிஸ் அடுத்துப் பார்த்தது விவசாயியை. 1945-ல் வந்தது சிஜே-2ஏ. உழலாம், மரம் இழுக்கலாம், கூடவே சந்தைக்கும் போகலாம். கவனியுங்கள். ராணுவத்துக்குப் போதுமான டி-84 விவசாயிக்குப் போதவில்லை! கனமான டி-90 கியர்பாக்ஸ் வந்தது. மொத்தக் கணக்கு 25-லிருந்து 36-க்கு மேலே ஏறியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ராணுவத்துக்கு வேறு வண்டி வரும். விவசாயிக்கு இருப்பது ஒன்று, அதுவும் சொந்தக் காசு. அந்த முக்கால் அங்குலத் தண்டும் 1946 வாக்கில் ஒன்றேகால் அங்குலத்தை நெருங்கியது. 1950-களில் ஒன்றேகாலையே தொட்டது. 1,300 பவுண்டு கேட்ட கடிதம் அப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

மஹிந்திரா நிறுவனம் 1949-ல் பம்பாய் மஸ்காவில் வில்லிஸ் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்தது. பின்னால் இங்கேயே தயாரான சிஜே-3பி மாடலும் டி-90 வம்சம்தான்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஒருமுறை போனேன். மலை தேனி மாவட்டத்தில், பாதை கேரளாவிலிருந்து. அதைப் பாதை என்பது மரியாதைக்காகத்தான். தலையளவு கற்கள். பழைய மஹிந்திரா ஜீப். கரடுமுரடு ஆரம்பித்த இடத்தில் டிரைவர் வண்டியைச் சுத்தமாக நிறுத்தினார். லீவரைப் போட்டார். ‘ஓட்டத்துலயே போடலாமே அண்ணே?’ என்றேன். ‘போடலாம் சார். அப்புறம் மேலே நின்னுட்டா நீங்க இறங்கித் தள்ளுவீங்களா?’

திரும்பி வரும்போது தார் ரோடு தெரிந்ததுமே மறுபடி நிறுத்தினார். முன் சக்கர லீவரை எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்த வண்டியில் தகடு எதுவும் இல்லை. இருந்த இடத்தில் பிள்ளையார் ஒட்டியிருந்தார்.