புள்ளியும் பெரிய புள்ளியும்

"அவர் ஊரில் பெரிய புள்ளி" என்கிறோம். எவ்வளவு பெரியவர் என்று விசாரிப்போமே தவிர, ஏன் புள்ளி என்று கேட்பதில்லை. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் பொட்டுதான் புள்ளி. தொல்காப்பியம் பொட்டு வைத்த எழுத்தையே புள்ளி என்றது. மெய்யில் முடியும் சொற்களின் புணர்ச்சியைச் சொல்லும் இயலுக்குப் புள்ளி மயங்கியல் என்றே பெயர். அடையாளம் ஆளுக்கே பெயராகும் வழக்கம் அவ்வளவு பழையது.

யாழ்ப்பாணத்தில் "கணக்கில் எத்தனை புள்ளி?" என்றால் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். கபடியிலும் புள்ளிதான். எண்ணிக் கணக்கிட்டு முடிவு சொல்லும் துறைக்கும் அதையே வைத்துப் புள்ளியியல் என்றோம். ஐரோப்பியர் வைத்த 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' அரசோடு உறவுள்ள சொல். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அது நாட்டு நிலவரம் பற்றிய படிப்பு. எனக்கு நம் சொல்லே பிடிக்கும். சிதறல் வரைபடம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் புள்ளியியல் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுகிறது.

ஒரு வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தையும், கைகளை விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி உள்ள நீளமான கைவீச்சையும் அளந்ததாக வைத்துக்கொள்வோம். கிராஃப் தாளின் ஓரத்தில் அளவுத்திட்டம் எழுதியாயிற்று. உயரம் 152 செ.மீ., கைவீச்சு 150 என்றால், கிடை அச்சில் 152 வரை போய், அங்கிருந்து நேர் மேலே 150க்கு ஏறி, பென்சிலால் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு ஒரு பிள்ளை. இடத்தைச் சொல்லும் இந்த இரண்டு எண்களும் தமிழ்நாட்டில் ஆயத்தொலைவுகள், இலங்கையில் ஆள்கூறுகள். அச்சுகள் வெட்டும் இடம் இங்கே ஆதிப்புள்ளி, அங்கே உற்பத்தி. நமக்கு உற்பத்தி என்றால் மில் ஞாபகம்தான் வரும்.

சிதறல் என்ற பெயரில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பிள்ளையாருக்கு உடைக்கும் சிதறுகாய் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் பொட்டுகள் அப்படியில்லை. உயரம் கூடக் கைவீச்சும் கூடுவதால், இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்கு எறும்புச் சாரிபோல ஏறும். பாடநூல் இதை நேர் ஒட்டுறவு என்கிறது. ஒன்று கூட மற்றது குறைந்து சாரி கீழே இறங்கினால் எதிர் ஒட்டுறவு. உண்மையிலேயே சிதறுகாயாகக் கிடந்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பொட்டுகளைப் பார்த்தவுடன் வரிசையாகக் கோட்டால் இணைக்கக் கை பரபரக்கும். இணைக்கக் கூடாது. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1833இல் வெளியிட்ட ஆய்வில் கன்னி விண்மீன் குழுவிலுள்ள ஓர் இரட்டை விண்மீனை எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட தாளில் ஆண்டு ஒரு பக்கம், ஒன்றிலிருந்து மற்றது இருக்கும் திசைக்கோணம் மறுபக்கம் என்று பொட்டு வைத்தார். வளைகோட்டைப் பொட்டுகளின் மேலேயே இழுக்காமல், அவற்றின் ஊடே கண்ணளவில் ஓட விட்டார். ஒவ்வொரு அளவையிலும் கொஞ்சம் பிழை இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நம் தாளில் எல்லாப் பொட்டும் ஒரே பருமன். பெரிய புள்ளி என்று எதுவும் கிடையாது. சாரியை விட்டு விலகி ஒன்று மட்டும் நிற்கிறது: உயரம் 150, கைவீச்சு 115. அழிப்பான் வேண்டாம். அளந்தவன் நாடாவைத் தலைகீழாகப் பிடித்திருப்பானோ என்னவோ. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு முறை கைகளை விரிக்கச் சொல்லுங்கள்.