மிதித்துக் கேட்ட பாட்டு

பாடியவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். இன்று கேட்டவர்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். பாடகர் ஒருவருக்குப் பிறந்த ஆண்டு, குரு, அரங்கேற்றம், பட்டம் என்று ஒரு வரலாறு உண்டு. விறாந்தையில் பாயை விரித்துப்போட்டு அவருடைய பாட்டுக்குத் தலையாட்டிய ஆச்சிக்கு வரலாறு இல்லை. ஆனால் அந்த ஆச்சி இல்லாமல் அந்தப் பாட்டு எங்கே போய்த் தங்கியிருக்கும்? வீட்டிலிருந்து பாட்டுக் கேட்கும் வழக்கம் எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது, அதை யார் யாரோடு பகிர்ந்துகொண்டார்கள் என்பதே இன்றைய பொருள்.

கருவிகள் வருமுன்னர் இசை இருந்த இடத்துக்கு மனிதர்கள் போனார்கள். கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்க, வீதி மணலில் அமர்ந்து கேட்டார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933 - 1975) போன்றோரைக் கேட்டு வளர்ந்த செவிகள் அவை. எனினும் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த மணலிலும் எல்லாரும் சமமாக அமர்ந்துவிடவில்லை. சாதி காரணமாகக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த கோயில் நுழைவுப் போராட்டம் எங்கள் அண்மைக்கால வரலாறே. மதிலுக்கு வெளியே நின்றவனுக்கும் தவில் கேட்டது. ஒலிக்குச் சாதி தெரியாது; ஒலியைக் கேட்க இடம் கொடுப்பவனுக்குத்தான் அது தெரியும்.

இசையை வீட்டுக்குள் கொண்டுவந்த முதற் கருவி கிராமபோன். தோமஸ் எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து மீட்டார். பத்தாண்டுகளின் பின் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் தட்டில் பதியப்பட்டது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே அடங்கும். மணிக்கணக்கில் விரியும் இராகம் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்கியது. சாவி கொடுக்க ஒருவர், ஊசி மாற்ற ஒருவர், தட்டைத் திருப்ப ஒருவர் என்று கருவியைச் சுற்றி எப்போதும் ஆள் வேண்டும். கிராமபோன் வைத்திருந்த வீடு ஒன்று இருந்தால் அந்த ஒழுங்கை முழுவதற்கும் அதுவே சங்கீத சபை.

அடுத்து வந்தது வானொலி. இலங்கை வானொலியின் தொடக்கமே ஒரு பகிர்வுதான் எனலாம். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு எட்வர்ட் ஹார்ப்பரும் அவரது உதவியாளர்களும் கொழும்புத் தந்தி அலுவலக அறையொன்றிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையையே. ஓர் அறையிற் சுழன்ற தட்டை ஊர் முழுவதும் கேட்கச் செய்தார்கள். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கொழும்பில் நேசநாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்ட வலிமைமிக்க ஒலிபரப்பி 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது.

அப்போது அயல்நாட்டில் ஒரு காரியம் நடந்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இரசனையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஒடுக்கினார். அங்குள்ள இரசிகர்களோ பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் மயில்வாகனத்தின் குரல் வீட்டுக் குரலானது. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுப் பொழுது விடிந்த வீடுகள் பாக்குநீரிணையின் இரு கரையிலும் இருந்தன. 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்த இலங்கை மோகமும் ஒரு காரணம். விருப்பப் பாடல் கேட்டு எழுதிய தபாலட்டைகளை எண்ணிப் பாருங்கள். தான் கேட்க விரும்பும் பாட்டைத் தன் பெயரோடும் ஊரின் பெயரோடும் சேர்த்து முன்பின் அறியாத ஆயிரம் வீடுகளுக்கு வழங்குவதல்லவா அந்த அட்டை?

எங்கள் வீட்டில் அம்மாவின் தகப்பனார் ஒரு வால்வு ரேடியோ வைத்திருந்தார். அக்காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் இல்லை. பெரிய உலர் பற்றரி. கூரையிலிருந்து பனை வரை இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி. மாலையில் அயலவர்கள் வந்து விறாந்தையில் அமர்வார்களாம். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் போட்டியிட்டு ஓடும் பாட்டு ஒலிபரப்பானால் கிணற்றடியில் நிற்பவர்களும் வாளியை வைத்துவிட்டு ஓடிவருவார்களாம். இதை அம்மம்மா பெருமையோடு பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லாரும் வந்து கேட்ட வீடு இது என்பார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில் யார் அடங்கவில்லை என்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை அறிமுகம் செய்தது. எண்பதுகளில், மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களின் கைகளில் எங்கள் ஊருக்கும் கசற் ரேடியோக்கள் வந்தன. கூடவே ரெக்கோர்டிங் பார்கள் முளைத்தன. கொப்பித்தாளில் பாடல்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கசற்றிலோ தொண்ணூறு நிமிடக் கசற்றிலோ பதிந்து தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று என் சித்தப்பா இரவிரவாக யோசிப்பார். அதன்பின் அந்தக் கசற் வீடு வீடாகப் போகும். திரும்பி வரும்போது உறையில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: "இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டு அருமை."

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அப்போது நான் பத்து வயதுச் சிறுவன். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெய் அருமையானதால் ஜாம் போத்தலில் திரி வைத்து விளக்கெரித்தோம். பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்து, மிஞ்சியிருந்த உயிரையும் உறிஞ்சிப் பார்த்தோம். பின்னர் அவையும் செத்தன. கசற் ரேடியோ துணி போர்த்தப்பட்டு அலுமாரிக்கு மேல் ஏறியது.

அதை இறக்கியது சைக்கிள். சைக்கிள் டைனமோ ஏறத்தாழ ஆறு வோல்ற் தரும். நான்கு பற்றரிகள் தருவதும் ஆறு வோல்ற்தான். ஆனால் டைனமோவின் மின் ஆடலோட்டம்; ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். பாடநூலில் 'இருவாயி' என்றும் 'கொள்ளளவி' என்றும் பின்னாளில் நான் படித்த பாகங்களைப் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றி இடையிற் பூட்டவேண்டும். எங்கள் பகுதியில் இந்த வேலை கைவந்தவர் ஒருவர் இருந்தார். ரேடியோ திருத்துபவர். வயது முப்பதுக்கு மேல். அம்மா சொல்லியனுப்ப வந்தார். விறாந்தையில் ஏறாமல் படியில் அமர்ந்தே ஈயம் உருக்கி ஒட்டினார். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, என்னை மிதிக்கச் சொன்னார். சித்தப்பாவின் கசற் ஒன்றைப் போட்டார்கள். மாதக்கணக்கில் ஊமையாக இருந்த பெட்டியிலிருந்து அந்த 'கொஞ்சும் சலங்கை'ப் பாட்டு எழுந்தது.

நான் கால் தளர்ந்தபோது ஜானகியின் குரலும் நாதஸ்வரமும் ஒன்றாகத் தொய்ந்தன. "நாதஸ்வரத்துக்கு நித்திரை வந்திட்டுது. ஊண்டி மிதி ராசா" என்று அம்மம்மா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ திருத்துபவரும் சிரித்தார். பாட்டு முடிந்ததும், கருவிகளைப் பையில் வைத்தபடி அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஆச்சி, இந்தப் பாட்டை எங்கடை அப்பு உங்கடை வேலிக்கரையிலை நிண்டுதான் கேட்டவர். சின்னனிலை என்னையும் தோளிலை வைச்சுக்கொண்டு வந்தவர்."

ஒருவரும் பேசவில்லை. அம்மம்மா நெடுநேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு என்னிடம், "தம்பி, உள்ளை போய்க் கதிரையை எடுத்துவா" என்றார். நான் கொண்டுவந்து வைத்தேன். அவர் அமரச் சற்றுத் தயங்கினார். "இரு மோனை, இன்னொருக்காக் கேட்பம்" என்றார் அம்மம்மா. மன்னிப்பு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. கதிரை ஒன்று முப்பதாண்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் முறை அந்தப் பாட்டை அவர் விறாந்தையில் இருந்து கேட்டார்.

அதன்பின் எங்கள் விறாந்தையில் ஒரு விதி உருவானது: யார் மிதிக்கிறாரோ அவரே அடுத்த பாட்டைத் தெரிவார். செய்தி நேரத்தில் மட்டும் விதி செல்லாது. பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாசுக்கும் பெரியவர்கள் முறைவைத்து மிதித்தார்கள். விமான இரைச்சல் கேட்டால் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவோம். மிதித்தவனுக்கு ஒரு குறை உண்டு. சங்கிலியின் கறகறப்பும் டைனமோவின் ரீங்காரமும் தன் மூச்சிரைப்பும் சேர்ந்து, பாட்டு அவனுக்குச் சரியாகக் கேளாது. தான் விரும்பிய பாட்டை அவன் மற்றவர்களின் முகத்தில்தான் பார்ப்பான். பகிர்தல் என்ற சொல்லுக்கு இன்று வகுப்பில் நான் பொருள் சொல்லும்போதெல்லாம் அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே எழுந்து நடந்தது. மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். சைக்கிள் அம்மம்மாவைச் சுமந்தது; கசற்றுகள் வீட்டிலேயே நின்றன. அடுத்த ஆண்டு திரும்பியபோது கசற் உறைகள் முற்றத்தில் மிதிபட்டுக் கிடந்தன. பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் தடிக்குத் தடி கட்டியிருந்த கபில நிற நாடா காற்றில் இரைந்துகொண்டிருந்தது. குருவி விரட்ட யாரோ கட்டியது. சித்தப்பா இரவிரவாக யோசித்து வரிசைப்படுத்திய பாட்டுகளும் அதில் இருந்திருக்கக்கூடும். ரேடியோ திருத்துபவர் வன்னிக்குப் போனவர். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வரவில்லை. அவருடைய கதிரை விறாந்தையில் நெடுநாள் இருந்தது.

இன்று ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் ஆயிரம் பாடல்கள் இருக்கின்றன. இது குறைசொல்ல வேண்டிய காரியமன்று. பாட்டுக் கேட்க எவரும் இன்னொருவர் வேலிக்கரையில் நிற்கவேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. அதே வேளை, பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரிவதில்லை.

சில நாட்களுக்கு முன், பாடசாலை விட்டபின், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எங்கள் கல்லூரி மதிலோரம் இருந்து ஒரே காதொலிக் கருவியை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டிருந்தனர். "என்னடா கேட்கிறியள்?" என்றேன். ஏச வந்தேன் என நினைத்து இருவரும் எழுந்தனர். நான் போகாமல் நிற்பதைக் கண்டு, ஒருவன் தன் காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"நீங்களும் கேளுங்கோ சேர். நான் பிறகு கேட்கிறன்" என்றான்.