ரங்கூனில் இடமும் வலமும்

ஜோலார்பேட்டை–பெங்களூர் இரட்டைப் பாதையில் நம் வண்டிகள் இடப்புறத் தடத்தில் ஓடுகின்றன. சாலையிலும் இடப்பக்கமே நமக்கு முறை. இதில் ஊறிய நாம் பர்மாவின் கதையை வியப்புடன் நோக்குகிறோம். 1937 வரை இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்ட அந்நாடு, 1970 டிசம்பரில் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறியது. சாலை மாறிற்று, வண்டி மாறவில்லை. ஸ்டியரிங் வலப்புறமே இருந்தமையால், முன்செல்லும் வண்டியை முந்த விழையும் லாரி ஓட்டுநருக்கு எதிரே வருவது புலப்படாது. அருகிலிருப்பவரே எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். பஸ்ஸின் வாயிலோ இடப்புறம். குழந்தையுடன் இறங்கும் தாய் நடுச்சாலையில் கால்வைக்க வேண்டும்! 1967-ல் மாறிய சுவீடனில் பஸ்களுக்கு முன்கூட்டியே வலப்புற வாயில் அமைத்தனர். 1960-களில் கப்பலேறித் திரும்பிய நம்மவர் அறிந்ததோ இடப்பக்கம் சென்ற ரங்கூனே.