சாத்தான் செம்பு

பார்த்தால் செம்புத் தாது. உருக்கினால் செம்பு வராது. கடுப்பான ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘குப்ஃபர்நிக்கல்’, குட்டிச்சாத்தான் புகுந்த செம்பு. 1751இல் ஸ்வீடனின் ஆக்சல் குரோன்ஸ்டெட் தாதுவிலிருந்து வெண்ணிற உலோகம் ஒன்றைப் பிரித்தார். வசைப்பெயரே நிக்கலாக நிலைத்தது.

1980களில் பிரான்சில் வேதியியலாளர் ஃபியேவேயின் குழு, நிக்கல் ஹைட்ராக்சைடை எத்திலீன் கிளைகாலில் காய்ச்சி நுண்பொடியாக்கியது. கிளைகாலே கரைப்பான், அதுவே ஒடுக்கி. எத்தனை அழகான சிக்கனம்!

துகள் நானோ அளவுக்குச் சிறுத்தபோதுதான் வியப்பு. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல அணுக்கள் அடுக்கடுக்காக அமர்கின்றன. வழக்கமான கனசதுர நிக்கலில் நான்காம் அடுக்கு முதலடுக்குக்கு நேர்மேலே வரும். அந்த நிக்கல் சுமார் 358 டிகிரி செல்சியஸ் வரை காந்தத்தன்மை இழக்காது. சில நானோ துகள்கள் எடுக்கும் அறுகோண அமைப்பில் மூன்றாம் அடுக்கே நேர்மேலே வந்துவிடும். வேதிமுறையில் செய்த அத்தகைய துகள்களில் காந்தம் மிக மெலிது. சூடாக்கி ஆறவிட்டால் அவை கனசதுரமாக மாறுகின்றன, காந்தமும் திரும்புகிறது.